வெள்ளைக் கோப்பையைத் தேடிய வெஜ்வுட் குடும்பம்

ஊவாத் தோட்டத்து ஸ்டோர்களில் டீமேக்கர் தேயிலையை ருசி பார்ப்பது வெள்ளைப் பீங்கான் கோப்பையில். சாயத்தின் நிறம் தெரிய வேண்டுமானால் கோப்பைக்கு நிறம் இருக்கக் கூடாது. ஐஎஸ்ஓ 3103 தரவிதியும் இதையே கேட்கிறது: வெண்பீங்கான் பாத்திரம், 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம்.

அந்த வெண்மை இலேசில் வந்ததல்ல. சாதாரண மண்பானை சூளையில் சிவப்பது களியிலுள்ள இரும்பினால். இரும்பு குறைந்த களியைக் கொண்டு சீனர்கள் எப்போதோ பீங்கான் செய்துவிட்டார்கள். தேநீர்ப் பழக்கம் பரவிய பிறகே இங்கிலாந்துக் குயவர்களுக்கு அந்த அவசரம் வந்தது.

ஸ்டாஃபர்ட்ஷயரின் பர்ஸ்லம் ஊரில், குயவர் குடும்பத்தின் கடைசிப் பிள்ளையாக 1730இல் பிறந்தவர் ஜொசையா வெஜ்வுட். சிறுவயதில் வந்த அம்மை நோய் முழங்காலைக் கெடுத்தது. சக்கரத்தை மிதிக்க முடியாமல் போகவே, களியையும் மெருகையும் ஆராயத் தொடங்கினார். 1759இல் சொந்தத் தொழில். வெண்களியோடு தீக்கல் பொடியைக் கலந்து அவர் செய்த பாலாடை நிறப் பாத்திரம் பீங்கான் அல்ல. ஆனால் மெல்லியது, மலிவானது. 1765இல் அரசி சார்லட்டே அதில் தேநீர்ச் செட் செய்யச் சொன்னார்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அவருடைய வெப்பமானி. அதுவரை சூளைக்காரர்கள் தீயின் நிறத்தைப் பார்த்தே சூட்டை மதிப்பிட்டார்கள். சூடு ஏற ஏறக் களி சுருங்கும் என்பதை வெஜ்வுட் பிடித்துக்கொண்டார். ஒரே அளவில் செய்த சிறு களித்துண்டைச் சூளையில் வைப்பார். எடுத்து ஆறியதும், போகப்போக ஒடுங்கும் இரண்டு பித்தளைச் சட்டங்களுக்கிடையே தள்ளுவார். துண்டு எவ்வளவு தூரம் உள்ளே போகிறதோ, சூளை அவ்வளவு சூடாக இருந்திருக்கிறது. 1782இல் வந்த இந்தக் கருவி, அடுத்த ஆண்டே அவரை லண்டன் ரோயல் சொசைட்டியின் உறுப்பினராக்கியது. அவர் சொன்ன பாகைக் கணக்கு பின்னாளில் பிழையென்று தெரிந்தாலும், சூளைச் சூட்டை எண்ணால் சொல்லலாம் என்பது நிலைத்துவிட்டது.

1787இல் அடிமை வியாபாரத்துக்கு எதிராக, விலங்கிட்ட மனிதன் மண்டியிட்டிருக்கும் பதக்கங்களைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். தோட்டத்து வரலாறு தெரிந்த நாம் அதை மறக்கலாகாது.

எலும்புச் சாம்பல் கலந்த பீங்கானைக் குடும்பம் 1812இல் செய்யத் தொடங்கியது. இருநூறு ஆண்டுகள் போல வெஜ்வுட்களே நடத்திய கம்பனி 1986இல் வோட்டர்ஃபர்டிடமும், 2015இல் பின்லாந்தின் ஃபிஸ்கார்ஸிடமும் போனது.

ஸ்டோர் காட்டப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் ஆசிரியர்களே, ரோலரோடு திரும்பிவிடாதீர்கள். ருசி பார்க்கும் அறையையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். களிமண்ணின் இரசாயனத்தை அங்கேயே படிப்பிக்கலாம்.