இது எத்தனை வருஷம் தாங்கும் சார்?

கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் கடந்து செம்மேட்டில் இறங்கினால் முதலில் தேவைப்படுவது ஒரு டீ. அடுத்தது, தலைசுற்றல் நிற்கும்வரை உட்கார ஒரு பெஞ்ச். இரண்டும் கிடைத்தன. பெஞ்சின் மறுகோடியில் இருந்த இளைஞருக்கு ஊர் பைல் நாடு. கீழே போய் கம்ப்யூட்டர் படிக்கிறார். நான் பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்று தெரிந்ததும் பிடித்துக்கொண்டார்.

"ரியாக்ட்டுன்னு ஒண்ணு கத்துக்கிறேனுங்க சார். வெப்சைட்டைத் துண்டு துண்டாச் செஞ்சு வச்சுக்கிட்டு, வேணுங்கிற எடத்துல பொருத்திக்கலாம். இது எத்தனை வருஷம் தாங்குமுங்க?"

என் செல்போனே இரண்டு வருஷத்துக்கு மேல் தாங்குவதில்லை. என்னிடமா ஜோசியம்? ஆனாலும் நியாயமான பயம்தான். ஃபீஸ் கட்டி, ராத்திரி கண் விழித்துப் படித்தது திடீரென்று செல்லாக்காசானால்? ஆகியிருக்கிறதே! ஆடும் படம், விளையாட்டு, குழந்தைகள் பாடம் எல்லாம் ஒரு காலத்தில் ஃப்ளாஷில்தான். 2010-ல் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ், ஐபோனில் இதற்கு ஏன் இடமில்லை என்று பகிரங்கக் கடிதமே எழுதினார். 2020 டிசம்பர் 31-ம் தேதியோடு அடோபி கம்பெனியே அதைக் கைகழுவிவிட்டது. மைக்ரோஸாஃப்ட்டின் சில்வர்லைட் 2007-ல் பிறந்து 2021-ல் போய்ச் சேர்ந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம்ம தமிழுக்கே இது நடந்திருக்கிறது.

1990-களின் கடைசியில் இன்டர்நெட்டில் தமிழ் படித்தவர்களுக்கு ஞாபகமிருக்கும். தினசரிக்கு ஒரு ஃபான்ட், வாரப் பத்திரிகைக்கு இன்னொரு ஃபான்ட். அதை இறக்கிப் போட்டுக்கொண்டால்தான் தமிழ். இல்லாவிட்டால் தலையில் கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துக்கள் பல்லிளிக்கும். கம்ப்யூட்டர் எழுத்தை நம்பராகத்தான் வைத்துக்கொள்ளும். 'அ'வுக்கு எந்த நம்பர் என்பதில் ஆளுக்கொரு கணக்கு! பிரௌசிங் சென்டரில் போய் நம் இஷ்டத்துக்கு ஃபான்ட் போட விடுவார்களா?

அப்போது வந்து சேர்ந்தது 'டைனமிக் ஃபான்ட்'. 1997-ல் வந்த பிரௌசர்களில் இந்த வசதி. பக்கத்தோடு எழுத்துருவும் தானாக இறங்கிவிடும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு மைக்ரோஸாஃப்ட் ஒரு வகை செய்தது. நெட்ஸ்கேப்புக்கு பிட்ஸ்ட்ரீம் கம்பெனியின் வகை வேறு. தமிழ்ப் பத்திரிகைகள் பாய்ந்து பிடித்துக்கொண்டன. பின்னே? துபாயிலும் டொரன்டோவிலும் இருக்கும் வாசகர் ஒரு க்ளிக் பண்ணினால் தமிழ்!

இன்னொரு பக்கம் யூனிகோட். உலக மொழிகளுக்கெல்லாம் ஒரே நம்பர் பட்டியல். 1991-லேயே அதில் தமிழுக்கும் இடம் போட்டிருந்தார்கள். ஆனால் மொத்தம் 128 நாற்காலிதான். 'கு' வேண்டுமென்றால் 'க'வையும் உகரக் கொக்கியையும் சேர்த்துத்தான் காட்ட வேண்டும். எல்லா எழுத்துக்கும் தனித்தனி நாற்காலி வேண்டும் என்று பெரிய சண்டை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற தரங்கள் டாம், டாப் என்ற வேறு இரண்டு. இணையத் தமிழர்கள் கூடிப் பேசி உருவாக்கிய டிஸ்கி இன்னொன்று. யூனிகோட் தமிழை ஒழுங்காகக் காட்ட விண்டோஸ் 2000 வேண்டும். பல கம்ப்யூட்டர்களில் இருந்ததோ விண்டோஸ் 98. அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் டைனமிக் ஃபான்ட் மேல்தான் பணம் கட்டியிருப்பேன்.

போயிருக்கும்! 2000-ல் நெட்ஸ்கேப் தன் ஆறாம் பதிப்பில் பிட்ஸ்ட்ரீம் வகையைக் கைவிட்டது. மைக்ரோஸாஃப்ட் வகையை ஃபயர்ஃபாக்ஸ் கடைசிவரை சேர்த்துக்கொள்ளவில்லை. மறுபடியும் கொம்பு, புள்ளி.

ஃபான்ட் போனால் போகட்டும். அதை நம்பி அடித்து வைத்த கதை, கட்டுரை, செய்தி? தேடினால் சிக்காது, அந்த நம்பர்கள் தமிழ் என்றே தேடும் இயந்திரத்துக்குத் தெரியாதே! எழுத்து மாற்றிகள் எழுதியவர்கள்தான் காப்பாற்றினார்கள். சுரதா யாழ்வாணனின் 'பொங்குதமிழ்', ஃபயர்ஃபாக்ஸில் ஒட்டிக்கொள்ளும் 'பத்மா' என்று சில. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று ஆரம்பித்தது. டிஸ்கியில் அடித்துச் சேர்த்த பழந்தமிழ் நூல்கள் பிறகு யூனிகோடுக்குக் குடிபெயர்ந்தன. டிஸ்கியின் நம்பர் பட்டியல் ஊருக்கே தெரிந்தது, அதனால் வேலை சுலபம். தமிழக அரசும் 2010 ஜூனில் யூனிகோடை ஏற்றது.

வேடிக்கை என்னவென்றால், டைனமிக் ஃபான்ட் யோசனை சாகவே இல்லை. இன்றும் பல தளங்கள் எழுத்துருவைக் கூடவே அனுப்புகின்றன. அதற்கென்று வாஃப் என்று ஒரு பொதுத் தரம் 2012-ல் உறுதியாயிற்று. ஆனால் இன்றைக்கு இறங்குவது வெறும் சட்டை. உள்ளே இருக்கும் ஆள் யூனிகோட். சட்டை கிழிந்தால் வேறு மாட்டிக்கொள்ளலாம். அன்றைக்குச் சட்டையைக் கழற்றினால் உள்ளே ஆளே இல்லை!

இளைஞர் சிரித்தார். "எங்க மலைக் கதை மாதிரியே இருக்குதுங்க. சாமை, தினை போட்ட காட்டுல பாதிக்கு மேல மரவள்ளி வந்திருச்சு. கெழங்கு ஜவ்வரிசி மில்லுக்குப் போவும், காசு வரும். சாமை இனி அவ்வளவுதான்னாங்க. இப்ப வண்டி போட்டுக்கிட்டு வந்து சாமை கேக்கறாங்க."

வாஸ்தவம். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்தே இங்கே விதைகளைக் காக்க மெனக்கெட்டது. ஐ.நா. 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. சில வீட்டுப் பானைகளில் விதை மிச்சமிருந்ததால்தான் எல்லாம்.

ரியாக்ட் விஷயத்துக்கு வந்தேன். 2013-ல் ஃபேஸ்புக் எல்லாருக்கும் திறந்துவிட்டது, இன்றும் ஓடுகிறது. கூகுளின் ஆங்குலர்ஜேஎஸ் 2010-ல் வந்தது. 2016-ல் கூகுளே வேறு மாதிரி ஒன்றைச் செய்து, பழையதை 2021 கடைசியில் நிறுத்தியது. பழையதில் கட்டியவர்கள் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. எந்தக் கம்பெனியையும் நம்பாமல், பிரௌசரே புரிந்துகொள்ளும் துண்டுகளும் உண்டு. வெப் காம்போனென்ட்ஸ் என்று பெயர். 2020-லிருந்து முக்கிய பிரௌசர்கள் எல்லாவற்றிலும் வேலை செய்கிறது. ஆனால் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் கேட்பதென்னவோ ரியாக்ட்டைத்தான்!

"அப்ப படிக்கலாமுங்களா?"

"தாராளமா படிங்க தம்பி. கூடவே ஹெச்டிஎம்எல்லும் ஜாவாஸ்கிரிப்ட்டும் நல்லாத் தெரிஞ்சிருக்கணும். ரியாக்ட் போனாலும் அது கைவிடாது. அப்புறம், நீங்க செய்யற சைட்டுல இருக்கிற விஷயத்தைத் தனியா வெளியே எடுக்க முடியுமான்னு பாத்துக்குங்க."

உற்சாகமாகச் செல்போனை நீட்டினார். சொந்தமாகச் செய்த சைட். கட்டவெட்டிச் சாமை, வெள்ளைப்பெருஞ்சாமை என்று பாட்டி சொன்ன விதைப் பெயர்கள், எந்த மண்ணுக்கு எது, எப்போது விதைப்பது... அழகான தமிழ் எழுத்து. ஒரு பெயரை விரலால் அழுத்தினேன். நகலெடுக்க வரவில்லை.

"இது எழுத்தா, படமா தம்பி?"

"படமுங்க. ஃபான்ட் அழகா வரட்டும்னு எல்லாத்தையும் படமாப் போட்டுட்டேன்." சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

"பாட்டி சொன்னதை வேற எங்கயாச்சும் எழுதி வச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க. அவங்க போய் ஒரு வருஷமாச்சு."

பஸ் ஹாரன் அடித்தது. ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு, படத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு பெயராகத் தட்டிக்கொண்டிருந்தார்.