துறைமுக மாவும் வீட்டுச் சோறும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய அன்புவழிபுரம் போன்ற ஊர்களின் அடுக்களைக்கு மாப்பொருள் இரண்டு வழிகளில் வந்து சேர்கிறது. ஒன்று, கந்தளாய்க் குளத்து நீரில் தம்பலகாமத்து வயல்களில் விளையும் நெல். மற்றையது, கப்பலில் வந்து சீனன்குடாவில் அரைக்கப்படும் கோதுமை. இலங்கையில் கோதுமை வணிகப் பயிராக விளைவதில்லை. ஆயினும் சிங்கப்பூரின் பிறிமா நிறுவனம் 1977இல் அரசுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரில் இங்கே அமைத்த ஆலை 1980இல் இயங்கத் தொடங்கிய பின்னர், நாட்டின் பாணுக்கும் ரொட்டிக்கும் பிட்டில் கலக்கும் மாவுக்கும் வேண்டியதில் பெரும்பங்கு இத்துறைமுகக் கரையிலேயே அரைபட்டு வந்திருக்கிறது. இதனால் உடல்நலத்துக்கு உகந்த உணவு எது என்ற கேள்வி எழும்போதெல்லாம் அது சோறா, பாணா, குரக்கனா என்ற வடிவத்தையே பெறுகிறது. நீரிழிவு கண்டறியப்பட்டவர் இரவுச் சோற்றை நிறுத்திவிட்டுப் பாணுக்கோ இடியப்பத்துக்கோ மாறிக்கொள்வதும் பரவலான வழக்கமாகிவிட்டது. அந்த மாற்றத்தால் விளையும் நன்மை மிகச் சிறிது. தானியத்தின் பெயரைக் காட்டிலும், அது எவ்வளவு நுண்மையாக அரைக்கப்பட்டது, எவ்வாறு சமைக்கப்பட்டது, தட்டில் எவ்வளவு இடத்தைப் பிடித்தது என்பவையே இரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றன.

மாப்பொருள் என்பது குளுக்கோசு மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் கோக்கப்பட்ட சங்கிலியாகும். அது இரு வடிவங்களில் அமைகிறது: நெடுங்கயிறு போல் பெரும்பாலும் கிளையின்றி நீள்வது அமைலோசு, மரம் போல் கிளைத்துப் படர்வது அமைலோபெக்ரின். சமிபாட்டு நொதியங்கள் இச்சங்கிலிகளை வெட்டிக் குளுக்கோசாக்குகின்றன. கிளைகள் மிகுந்த அமைலோபெக்ரினில் அவை பல முனைகளில் ஒரே வேளையில் வேலை செய்ய முடிவதால் குளுக்கோசு விரைவில் வெளிப்படுகிறது, நெருக்கமாக முறுகிக் கிடக்கும் அமைலோசோ மெல்லவே பிரிகிறது. இலங்கையில் பயிராகும் நெல்வகைகளுள் பல அமைலோசு மிகுந்தவை என்பது இந்நாட்டாருக்கு வாய்த்த ஒரு நன்மையாகும். ஆயினும் தானியத்தின் உட்கட்டமைப்பும் இதற்கு ஈடான பங்கை வகிக்கிறது. முழு மணியில் மாப்பொருள் மணிகள் கலச்சுவர்களால் வேலியிடப்பட்டிருக்கின்றன. நீரும் வெப்பமும் உட்சென்று அவற்றைக் களியாக்கினாலும் வேலியின் ஒரு பகுதி எஞ்சி நிற்பதால் நொதியம் உட்புகச் சற்று நேரம் எடுக்கிறது. அரைக்கும்போது அந்த வேலி உடைகிறது. ஆகவே ஒரே அரிசி சோறாக உண்ணப்படும்போதும், நன்கு அரித்த மாவாகிப் பின் இடியப்பமாக உண்ணப்படும்போதும் உடலுக்குள் ஒரே வேகத்தில் கரைவதில்லை. தவிடும் முளையும் நீக்கி நுண்மையாக அரைத்த வெள்ளைக் கோதுமை மாவில் செய்த பாண் இவ்வரிசையில் விரைவாகக் கரையும் முனையை ஒட்டியே நிற்கிறது.

இந்த வேகத்தை அளப்பதற்கு 1981இல் தொரன்ரோப் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்சும் அவருடைய குழுவினரும் வகுத்த அளவுகோலே கிளைசீமியச் சுட்டி எனப்படுகிறது. தூய குளுக்கோசு இரத்தச் சர்க்கரையை உயர்த்தும் அளவை 100 எனக் கொண்டு, சம அளவு காபோவைதரேற்று உள்ள ஏனைய உணவுகளை அதனுடன் ஒப்பிடுவது அதன் முறை. பயறு, கௌபி, கடலை முதலிய அவரையினங்கள் இவ்வளவுகோலில் 55க்குக் கீழே தங்கிவிடுகின்றன. குரக்கனைப் பற்றி இங்கு ஒன்று சொல்லியாக வேண்டும். 100 கிராம் குரக்கனில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் இருப்பதும், தீட்டிய அரிசியைவிட நார்ப்பொருள் மிகுந்திருப்பதும் அதன் உண்மையான சிறப்புகள். ஆனால் அதன் எடையில் பத்தில் ஏழு பங்கு காபோவைதரேற்றே ஆகையால், குரக்கன் என்பதற்காகவே அளவின்றி உண்ணலாம் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் எதுவுமில்லை. நுண்மையாக அரைத்து நெடுநேரம் காய்ச்சிய குரக்கன் கூழ், நீரிழிவு உள்ளவருக்கு மருந்தென எண்ணிக் கொடுக்கப்படும்போது, அரிசிக் கஞ்சியைப் போலவே சர்க்கரையை உயர்த்தக்கூடும்.

சமைத்த பின்னரும் மாப்பொருள் மாறிக்கொண்டே இருக்கிறது என்பது இத்துறையின் மிகச் சுவையான பகுதியாகும். வெந்த சோறு ஆறும்போது, களியாகி விரிந்த அமைலோசுச் சங்கிலிகள் மீண்டும் நெருங்கி ஒட்டிக்கொள்கின்றன. அவ்வாறு இறுகியவற்றை நொதியங்களால் எளிதில் வெட்ட முடியாமையால் அவை சிறுகுடலைக் கடந்து, பெருங்குடலிலுள்ள பற்றீரியாக்களுக்கு உணவாகின்றன. இதுவே எதிர்ப்பு மாப்பொருள் எனப்படும். கொழும்பிலுள்ள இரசாயன விஞ்ஞானக் கல்லூரியின் மாணவர் சுதைர் ஜேம்சும் அவருடைய வழிகாட்டி புஷ்பராஜா தவராஜாவும் இலங்கை அரிசி வகைகள் 38ஐ ஆராய்ந்து, அதன் முடிவை 2015 மார்ச்சில் அமெரிக்க இரசாயனக் கழகத்தின் கூட்டத்தில் முன்வைத்தனர். கொதிக்கும் நீரில் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு, அதில் அரைக் கோப்பை அரிசியை வேகவைத்து, சோற்றை 12 மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே அவர்களின் முறை. எண்ணெயின் கொழுப்பு அமைலோசுடன் பிணைந்து அதனை நொதியத்துக்கு இடங்கொடாமல் செய்கிறது; பின்னர் குளிர்ச்சியில் அமைலோசுச் சங்கிலிகள் தமக்குள்ளும் பிணைந்துகொள்கின்றன. ஒரு வகை அரிசியில் எதிர்ப்பு மாப்பொருள் பத்து மடங்கானதாக அவர்கள் அறிவித்தபோது உலகெங்கும் நாளிதழ்கள் அதனைப் பெருஞ்செய்தியாக்கின. மனிதர்களிடம் செய்யப்பட்ட சோதனை இதைவிட அடக்கமான சித்திரத்தைத் தருகிறது: அதே ஆண்டில் இந்தோனேசிய ஆய்வாளர் வெளியிட்ட முடிவுகளின்படி 100 கிராம் புதுச்சோற்றில் 0.64 கிராமாக இருந்த எதிர்ப்பு மாப்பொருள், 4 பாகை செல்சியசில் ஒரு நாள் குளிர்ந்து மீளச் சூடேற்றிய சோற்றில் 1.65 கிராமாயிற்று, நலமுள்ள 15 பேருடைய இரத்தச் சர்க்கரையும் அதனால் ஓரளவு தணிந்தது. இம்மாற்றம் உண்மையானது, பயனுள்ளது; ஆனால் இரண்டு அகப்பை சோற்றை நான்காக்குவதற்கு அது அனுமதிச் சீட்டாகாது.

இந்த ஆய்வைப் படிக்கும் ஈழத்து வாசகருக்குப் பழஞ்சோறு நினைவுக்கு வராதிருக்க முடியாது. இரவில் நீரூற்றி வைத்த குத்தரிசிச் சோறு காலையில் தயிரும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்துக் கரைக்கப்படும்போது, ஆறிய மாப்பொருளோடு இலற்றிக் அமிலப் பற்றீரியாக்களின் நொதித்தலும் சேர்கிறது. அந்தப் புளிப்பு, கேடு செய்யும் நுண்ணுயிர்கள் பலவற்றின் வளர்ச்சியைத் தடுக்கிறது. நீரின்றி மேசைமேல் மூடிவைத்த சோற்றுக்கு இப்பாதுகாப்புக் கிடையாது. பசிலசு சீரியசு என்னும் பற்றீரியாவின் வித்திகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் மணி நேரங்களில் அவை முளைத்து விடுவிக்கும் நஞ்சு மீளச் சூடாக்கினாலும் அழிவதில்லை. ஆகவே மிஞ்சிய சோறு ஓரிரு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்கோ நீருக்கோ போய்விட வேண்டும்.

குத்தரிசியைப் பற்றிய பழைய மதிப்பும் வெறும் பழக்கத்தின் பாற்பட்டதன்று. நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்தும்போது தவிட்டிலுள்ள பி வகை விற்றமின்களின் ஒரு பகுதி மணியின் உட்பகுதிக்கு இடம்பெயர்கிறது. பின்னர் தவிடு ஓரளவு நீங்கினாலும் அவை எஞ்சுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பத்தாவியாவில், அதாவது இன்றைய யகார்த்தாவில், பணியாற்றிய டச்சு மருத்துவர் கிறிஸ்தியான் எய்க்மன், தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள் பெரிபெரியை ஒத்த நரம்பு நோயால் துன்புற்றதையும், தவிடு நீங்காத அரிசி அவற்றைக் குணமாக்கியதையும் கண்டார். பின்னாளில் பி1 என அறியப்பட்ட விற்றமினுக்கு வழிகாட்டிய அக்கண்டுபிடிப்புக்காக 1929இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். பச்சைப்பெருமாள், மொட்டைக்கறுப்பன் போன்ற நாட்டு நெல்லினங்களின் செந்நிறமும் தவிட்டிலேயே தங்கியிருப்பதால், வெண்மையாகும் வரை தீட்டிய சிவப்பரிசிக்கு அப்பெயரன்றி வேறு சிறப்பு மிஞ்சுவதில்லை.

தட்டின் பங்கீட்டுக்கு வரும்போது நிலைமை கவலை தருகிறது. இலங்கை வயதுவந்தோரின் உணவை அளந்து ரணில் ஜயவர்தனவும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட கட்டுரையின்படி, ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 14 பங்குக்கு மேல் மாப்பொருள் உணவும், இரண்டு பங்குக்கும் குறைவாக மரக்கறியும், அரைப் பங்குக்கும் குறைவாகப் பழமும் உண்கிறார். நாளுக்கு ஐந்து பங்கு மரக்கறியும் பழமும் என்ற பரிந்துரையை எட்டியோர் 3.5 விழுக்காட்டினர் மட்டுமே. 2005–06இல் நடந்த நீரிழிவுக் கணக்கெடுப்பு, 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகவும், அதற்கு முந்திய நிலையில் உள்ளோரையும் சேர்த்தால் ஐவருள் ஒருவர் பாதிக்கப்பட்டிருப்பதாகவும் கண்டது. நாட்டின் ஏழு மாகாணங்களில் நடந்த அந்தக் கணக்கெடுப்பில் போர் சூழ்ந்திருந்த வடக்கும் கிழக்கும் இடம்பெறவில்லை. திருகோணமலையின் நோயாளர் அந்நாளில் எண்ணப்படாமலே இருந்தனர் என்பது மறக்கத்தக்கதன்று. தீர்வு அயல்நாட்டு உணவில் இல்லை. பருப்பு, மீன், இலைவறை, மரக்கறிப் பால்கறி, சம்பல் என ஈழத்து மதியச் சாப்பாட்டில் வேண்டியவை எல்லாமே ஏற்கெனவே உண்டு. அவை சோற்று மலையின் ஓரத்தில் தொடுகறியாகத் தேங்கிவிடுவதே குறை. சோறு தட்டின் கால் பகுதிக்கு ஒடுங்கி, இலையும் மரக்கறியும் பாதியைப் பிடித்து, எஞ்சிய காலில் பருப்போ மீனோ அமைந்தால், நார்ப்பொருளும் புரதமும் உணவு இரைப்பையை விட்டு இறங்கும் வேகத்தைத் தணித்து, அதே அரிசியின் தாக்கத்தையும் குறைத்துவிடும்.

இலைகளைச் சமைக்கும் முறையில் ஈழத்து அடுக்களை பெரும் நுட்பம் கொண்டது. முருங்கை, பொன்னாங்காணி, அகத்தி, முசுட்டை ஆகியவற்றை மெல்லியதாய் அரிந்து, தேங்காய்ப்பூவுடன் சில நிமிடங்களே கிளறி இறக்கும் வறையில், நீரில் கரைந்தும் வெப்பத்தால் சிதைந்தும் போகக்கூடிய விற்றமின் சி ஓரளவேனும் எஞ்சுகிறது. வல்லாரைச் சம்பல் அடுப்பையே காண்பதில்லை. இலையைக் கழுவிய பின் அரிய வேண்டும், அரிந்த பின் கழுவலாகாது. தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தைக் குடல் அரிதாகவே உறிஞ்சுகிறது. உடன் விற்றமின் சி இருந்தால் அந்த உறிஞ்சல் கூடுகிறது. பால் திரைந்துவிடும் என்பதற்காகச் சொதியை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே தேசிப்புளி விடும் வழக்கம், அவ்விற்றமினைக் கொதிப்பிலிருந்து காப்பாற்றும் பயனையும் கூடவே தந்துவிடுகிறது. வறைக்கும் அதே முறை பொருந்தும். சாப்பிட்டவுடன் குடிக்கும் தேநீர் இதற்கு நேர்மாறாக இரும்பைப் பிணைத்துவிடுவதால், அதனை ஒரு மணி நேரமாவது தள்ளிவைப்பது நன்று. குருதிச்சோகை உள்ள பெண்களுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் இது சிறிய காரியமன்று.

தேங்காயைப் பற்றிய வாதம் இரு முனைகளிலும் மிகைப்படுத்தப்படுகிறது. அதன் கொழுப்பில் பெரும்பகுதி நிரம்பிய கொழுப்பு. அது தீய கொலஸ்திரோலை உயர்த்துகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் இலைகளிலுள்ள பீற்றா கரோட்டீனை உடல் ஏற்பதற்குச் சில கிராம் கொழுப்பு வேண்டும் என்பதும் உண்மை. இரண்டாம் பாலில் கறியை வேகவிட்டு, முதற்பாலைச் சில கரண்டி மட்டும் இறுதியில் சேர்த்தால் இரு உண்மைகளுக்கும் இடமுண்டு.

கொட்டியாரக் குடாவின் சூடையும் நெத்தலியும் கீரியும் விலையில் சிறியவை, சத்தில் பெரியவை. இதயத்துக்கு நலம் செய்யும் ஒமேகா 3 கொழுப்பு அவற்றில் நிறைந்திருப்பதோடு, முள்ளோடு உண்ணப்படுவதால் கல்சியமும் கிடைக்கிறது. அவற்றைப் பொரிக்கும்போது மீனின் கொழுப்பில் ஒரு பகுதி எண்ணெயில் இறங்க, எண்ணெய் மீனுக்குள் ஏறிவிடுகிறது. புளிக்குழம்பிலோ எல்லாம் சட்டிக்குள்ளேயே இருக்கும். மாப்பொருள் உணவுகளை 120 பாகைக்கு மேல் பொரிக்கும்போது அக்ரிலமைட்டு என்னும் வேண்டாப் பொருள் உருவாகிறது என்று சுவீடன் ஆய்வாளர் 2002இல் அறிவித்தனர். ஆவியில் அவிக்கும் பிட்டும் இடியப்பமும் 100 பாகையைத் தாண்டாமையால் அக்குறை அவற்றுக்கு இல்லை. கருவாடும் மாசியும் ஊறுகாயும் சுவைக்குச் சிறிதளவே போதும். உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 5 கிராம் உப்பையே எல்லையாக வைக்கிறது.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியில் உணவின் விலையேற்றம் ஆண்டளவில் 94.9 விழுக்காட்டை எட்டியது. அத்தகைய காலத்தில் வயிற்றை நிரப்புவது மாவும் சீனியும் என்பதால், நல்லுணவு பற்றிய எந்த அறிவுரையும் விலையைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். அதற்கு உகந்த ஒரு பண்டம் கீரைப் பிட்டு. வறுத்த சிவப்பரிசி மாவையோ குரக்கன் மாவையோ குழைத்துப் பெரிய மணிகளாகக் கொத்தி, அதன் கொள்ளளவில் பாதிக்குக் குறையாமல் முருங்கை இலையும், சிறு வெங்காயமும், சிறிய இறாலும், கொஞ்சம் தேங்காய்ப்பூவும் கலந்து நீத்துப்பெட்டியில் அவித்தெடுத்தால், ஒரே பண்டத்தில் தட்டின் முப்பங்கும் அடங்கிவிடுகின்றன. கோதுமை மாவு கலக்காமலே அது உதிரியாக வரும். வேலியில் முருங்கை நிற்கும் வீட்டில் இதற்காகும் மேலதிகச் செலவு ஒரு பிடி இறாலின் விலை மட்டுமே.