ஒரு வீட்டில் இரு பூனைகள்

பூனை வளர்க்கும் இல்லங்களில் அடிக்கடி நிகழ்வதொன்றுண்டு. வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை இருக்க, பிள்ளைகள் தெருவோரத்திற் கண்டெடுத்த மற்றொன்றைக் கொண்டுவருவர். தாயும் இரங்கி இசைவாள். பழைய பூனையின் முன்னே புதியதை இறக்கிவிடுவர். மறுகணமே சீற்றமும் உறுமலும் நகக்கீறலும் தொடங்கும். ஒரு கிழமை இவ்வாறு கழிந்தால் வீட்டார் பொறுமையிழப்பர். முடிவில் இரண்டிலொன்று சாக்கினுள் இடப்பட்டுச் சந்தையடியிற் கொண்டுபோய் விடப்படும். வளர்ப்புப் பூனை அங்கே பசிக்கும் நாய்க்கும் வாகனத்துக்கும் இரையாகும் அபாயம் பெரிது. தொல்லை தரும் உயிரை எறிந்துவிடலாம் என்ற பாடத்தைப் பிள்ளைகளும் கற்றுக்கொள்வர். இந்த முடிவு பெரும்பாலும் வேண்டாததேயாம்.

பூனைகள் ஏன் சண்டையிடுகின்றன? அது அவற்றின் கெட்ட குணமன்று. நாய், கூட்டமாக வாழும் ஓநாயின் வழிவந்தது. வீட்டுப் பூனையோ தனித்து வேட்டையாடும் காட்டுப்பூனையின் வழிவந்தது. 2007ஆம் ஆண்டு வெளியான மரபணு ஆய்வு இதனை நன்கு விளக்கிற்று. சைப்பிரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழியொன்றில் மனிதனுக்கு அருகே பூனையொன்றின் எலும்புக்கூடும் காணப்பட்டது. மனிதனோடு பூனை கொண்ட நட்பு அத்துணைப் பழையது. எனினும், தன் எல்லைக்குள் வரும் அயற்பூனையை விரட்டும் இயல்பு அதனை விட்டு நீங்கவில்லை.

உணவு தாராளமாய்க் கிடைக்குமிடத்திற் பூனைகள் கூடி வாழ்வதுமுண்டு. உறவுடைய பெண்பூனைகள் ஒன்றின் குட்டிகளுக்கு மற்றொன்று பாலூட்டக் காணலாம். இவை ஒன்றையொன்று அறிவது மூக்கினாலேயே. கன்னத்தோடு கன்னம் உரசி, தமக்குள் ஒரு பொது வாசனையை ஏற்படுத்திக்கொள்கின்றன. மிருக வைத்தியரிடம் போய் மீண்ட பூனையை உடன்பிறந்த பூனையே சீறி விரட்டுவதன் காரணமும் இதுவே. மருந்து மணம் அதனை அந்நியமாக்கிவிடுகிறது. ஆகவே, புதிய பூனையை அறிமுகஞ் செய்வோர் கண்ணுக்கு முன் மூக்கைப் பழக்குதல் வேண்டும்.

முதலில், புதிய பூனையை மிருக வைத்தியரிடங் காட்டி, சில நாட்கள் தனியறையில் வைத்திருங்கள். உணவு, நீர், மணற்பெட்டி, ஒளிந்திருக்க ஓர் அட்டைப்பெட்டி ஆகியவை அங்கே இருத்தல் வேண்டும். மெல்லிய துணியொன்றாற் புதிய பூனையின் கன்னங்களைத் தடவி, அத்துணியைப் பழைய பூனை உலாவும் இடத்தில் வையுங்கள். பழையதன் துணியைப் புதியதற்குக் கொடுங்கள். இரண்டும் மோந்து பார்த்துச் சீறாது அப்பாற் சென்றால் அது நல்ல அறிகுறி.

அடுத்து, மூடிய கதவின் இருபுறத்திலும், சற்றுத் தொலைவில், ஒரே வேளையில் உணவு வையுங்கள். நாள்தோறும் தட்டுகளைக் கதவை நோக்கிச் சிறிது நகர்த்துங்கள். அதன் பின்னரே கம்பிவலையினூடாகவோ சிறிதளவு திறந்த கதவினூடாகவோ சில நிமிடங்கள் காணவிடுங்கள். சீற்றம் எழுந்தால் முந்திய படிக்குத் திரும்புங்கள். இதற்குச் சில நாட்களும் ஆகலாம். சில மாதங்களும் ஆகலாம்.

இரண்டும் ஒன்றாய் உலாவத் தொடங்கிய பின்னரும் பங்கீட்டிற் கவனம் வேண்டும். ஒரே தட்டில் மீன்தலையை இட்டு ஒற்றுமையை எதிர்பார்த்தல் வீண். ஒன்றையொன்று காணாத இடங்களில் வெவ்வேறு தட்டுகள் வையுங்கள். மணற்பெட்டிகள் பூனைகளின் தொகையினும் ஒன்று கூடுதலாய் இருத்தல் நன்று. அலுமாரியின் மேற்பகுதி போன்ற உயர்ந்த இடங்களும் தேவை. எல்லாச் சண்டையும் ஓசையோடு நிகழ்வதில்லை. ஒரு பூனை வாயிலை மறித்துக் கிடந்து மற்றதை வெறித்து நோக்குவதும் சண்டையே.

கடுவன் பூனைகளின் போருக்கு எல்லையோடு இனப்பெருக்க வேட்கையும் காரணமாகும். கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தால் அலைச்சலும் சண்டையும் சுவரெங்கும் சிறுநீர் பீச்சும் வழக்கமும் பெரிதுங் குறையும். வேண்டாத குட்டிகள் பிறந்து தெருவுக்குப் போவதும் நிற்கும்.

சண்டை மூண்டுவிட்டாற் கையை இடையே நீட்டாதீர்கள். அட்டைப்பலகையொன்றை நடுவே செலுத்திப் பிரியுங்கள். அடிக்கவும் வேண்டாம். அடிபட்ட பூனை அந்நோவை எதிர்நிற்கும் பூனையோடு சேர்த்தே நினைவிற் கொள்ளும், பகை முற்றும். பூனை கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் 15 நிமிடம் கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நீர்வெறுப்பு நோய் பூனையாலும் பரவும். இரண்டுக்கும் அதற்குரிய தடுப்பூசி ஏற்றுவித்தல் பெற்றோர் கடன்.

எல்லாப் பூனைகளும் கட்டித் தழுவி உறங்கும் நண்பர்களாகா. ஒன்றுக்கொன்று அஞ்சாமல் உண்டு உறங்கினாற் போதுமானது. குட்டியைக் கொண்டுவந்த பிள்ளைகளிடமே துணி மாற்றும் பணியையும் தட்டு நகர்த்தும் பணியையும் ஒப்படையுங்கள். எந்த நாளில் எவ்வளவு தூரத்தில் இரண்டும் அமைதியாய் உண்டன என்று அவர்கள் ஒரு குறிப்பேட்டில் எழுதி வரட்டும். சாக்கைத் தேடுமுன் அக்குறிப்பேட்டைப் புரட்டிப் பாருங்கள். நேற்று ஆறடியில் நின்ற தட்டு இன்று ஐந்தடிக்கு வந்திருந்தால், இன்னுஞ் சில நாள் பொறுக்கலாம்.