கூடுதல் நேரம் ஏன் சலுகை அன்று?

டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு அறிவுக்குறைவோ பார்வைக்கோளாறோ அன்று. சொல்லின் ஒலிகளைத் தனித்தனியே பிரித்துணர்ந்து எழுத்துகளோடு விரைந்து இணைக்கும் மூளைச் செயற்பாடு மாறுபட்டு இயங்குவதே அதன் அடிப்படை என ஆய்வாளர் பெரும்பாலோர் கருதுகின்றனர். பயின்ற வாசகருக்குத் தானாக நிகழும் இவ்விணைப்பை இக்குறைபாடுள்ள மாணவர் ஒவ்வொரு சொல்லிலும் முயன்று செய்வதால், செய்திகளைச் சிறிது நேரம் மனத்தில் நிறுத்திக் கையாளும் திறனாகிய செயல்நினைவு எழுத்துக்கூட்டுவதிலேயே செலவாகி, பொருளை உணர எஞ்சுவது குறைகிறது. தமிழில் ‘கெ’ என்பதன் கொம்பு, ஒலிப்பில் பின்வரும் உயிரை எழுத்தில் முன்னே நிறுத்துவதும், ‘கொ’வில் குறி இருபுறமும் பிரிந்து நிற்பதும் இச்சுமையைக் கூட்டக்கூடும்.

ஆகவே வரலாற்றுத் தேர்வில் கூடுதல் நேரமோ வினாவை வாசித்துக்காட்டுபவரோ அளிக்கப்படும்போது, அளக்க வேண்டிய வரலாற்றறிவு மாறாமலிருக்க, அளக்க வேண்டாத வாசிப்பு வேகத்தின் தாக்கமே குறைகிறது. வாசிப்பையே சோதிக்கும் தேர்வில் வாசித்துக்காட்டுவது இந்நியாயத்துக்குள் அடங்காது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்லெக்சியா உள்ளிட்ட குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளையும் தன் பட்டியலில் சேர்த்தது. ஆயினும் தேர்வறை ஏற்பாடு (இதனோடு நின்றுவிடும் பள்ளிகளும் உண்டு) வாசிக்கக் கற்பிப்பதில்லை; அதற்கு, ஒலியையும் எழுத்தையும் எளியதிலிருந்து அரியதற்கு முறைப்படி, கேட்டும் சொல்லியும் எழுதியும் பயிற்றும் நேரடிக் கற்பித்தல் தொடக்க வகுப்புகளிலேயே தேவைப்படுகிறது.