காட்டு மலரும் களக் குறிப்பும்

மழைக்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரப் பாறைகளிலும் ஓடைக்கரைகளிலும் காசித்தும்பைப் பேரினத்துச் செடிகள் மலர்கின்றன. வீட்டுத் தோட்டங்களில் வளரும் காசித்தும்பையும் இப்பேரினத்தைச் சேர்ந்ததே. உலகில் இதன் இனங்களாக ஆயிரத்துக்கும் மேற்பட்டவை அறியப்பட்டுள்ளன. இந்தியாவில் 200-க்கு மேற்பட்டவை உள்ளன. அவற்றுள் பல, ஒரு சிறு மலைப்பகுதியைத் தவிர வேறெங்கும் வளர்வதில்லை. புதிய இனங்கள் இன்றும் கண்டறியப்பட்டு வருகின்றன.

எனினும், இவற்றை வகைப்படுத்துவது எளிதன்று. மலரின் கீழ்ப்புறத்துப் புல்லி இதழ் பை போலக் குழிந்து, பின்புறம் மெல்லிய தேன் குழலாக நீளும். பக்கத்து அல்லி இதழ்கள் இரண்டிரண்டாக இணைந்திருக்கும். குழலின் நீளமும் வளைவும், இதழ்களின் வடிவமுமே ஓர் இனத்தை மற்றொன்றினின்று பிரித்தறியப் பெரிதும் உதவுவன. ஆனால், தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்தியதும் இம்மென்மலர் சுருங்கி ஒட்டிக்கொள்கிறது, நிறமும் மாறுகிறது. பிரிட்டிஷ் இந்தியாவின் தாவரங்களைப் பற்றிய ஏழு தொகுதிகளை 1872 முதல் 1897 வரை வெளியிட்ட ஜோசப் டால்டன் ஹூக்கர், தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளை இப்பேரினத்தின் ஆராய்ச்சியிலேயே செலவிட்டார். அவர் 1911-இல் 94 வயதில் காலமானார்.

புதிய இனம் என முடிவு செய்தல்

முன்பின் காணாத செடியெல்லாம் புதிய இனம் ஆகாது. முதலில் அதன் குடும்பமும் பேரினமும் தெளியப்பட வேண்டும். பின்னர், தாவர நூல்களில் உள்ள விவரங்களோடும், ஹெர்பேரியம் எனப்படும் உலர்தாவரக் காப்பகத்தின் மாதிரிகளோடும் அதை ஒப்பிட வேண்டும். ஹௌராவிலுள்ள மத்திய தேசிய ஹெர்பேரியத்தில் இத்தகைய மாதிரிகள் இலட்சக்கணக்கில் உள்ளன. நிழலாலும் மண்ணாலும் செடியின் உயரமும் இலையின் அளவும் மாறக்கூடும். ஆகவே, காணப்படும் வேறுபாடு பல செடிகளிலும் நிலையாக இருத்தல் அவசியம்.

அதன் பிறகே பெயரிடுதல். 1753-இல் லின்னேயஸ் வெளியிட்ட நூலைத் தொடக்கமாகக் கொண்ட இருசொற்பெயர் முறையே இன்றும் பின்பற்றப்படுகிறது. புதிய இனத்தின் விவரத்தை லத்தீன் மொழியில் எழுத வேண்டும் என்ற விதி 2012 முதல் தளர்த்தப்பட்டு, ஆங்கிலமும் ஏற்கப்படுகிறது. பெயருக்கு ஆதாரமான மாதிரி ஒன்றை மூல மாதிரியாகக் குறிப்பிட வேண்டும் என்பது 1958 முதல் கட்டாயமாக உள்ளது.

குறிப்பே சாட்சி

மலர்த் தாவரங்களைப் பற்றி 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, இத்துறையினர் அனைவரும் அறிய வேண்டியதாகும். புதிய இனங்களுள், சேகரிக்கப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்குள் விவரிக்கப்பட்டவை 16 சதவீதமே. ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இனங்களுக்கு, 50 ஆண்டுகளுக்கும் பழமையான மாதிரிகள் ஆதாரமாயின. அத்தகைய மாதிரி ஆராய்ச்சியாளரின் கைக்கு வரும்போது, அதைச் சேகரித்தவரிடம் ஐயம் கேட்க வழியிராது. செடி நின்ற இடமே அழிந்திருக்கவும் கூடும். அவர் எழுதி வைத்த சீட்டு ஒன்றே சாட்சி.

ஆகவே, களப்பணியாளர் செடியைக் கண்ட இடத்திலேயே நாள், ஊர், கடல்மட்டத்திற்கு மேல் உயரம், நிலத்தின் தன்மை, மலரின் நிறம், மணம், குழலின் அளவு ஆகியவற்றை எழுதிக்கொள்ள வேண்டும். உலர்த்துமுன் மலரை அளவுகோலுடன் படம் எடுப்பதும், ஓரிரு மலர்களை ஆல்கஹாலில் இட்டு வைப்பதும் நன்று. காடுகளில் சேகரிக்க வனத்துறையின் அனுமதி தேவை. சில செடிகளே உள்ள இடத்தில் அவற்றை வேரோடு பிடுங்கலாகாது. குறிப்பும் படமும் போதும். புதிய இனத்தைத் தேடிச் சென்றவரே அதன் அழிவுக்குக் காரணமாதல் கூடாது.

ஆசிரியர்கள் இதைத் தோட்டத்துக் காசித்தும்பையைக் கொண்டே மாணவர்க்கு விளக்கலாம். ஒரு மலரை விவரித்து எழுதச் செய்து, பின் அதை அழுத்தி உலர்த்தட்டும். ஒரு வாரம் கழித்து, வேறொரு மாணவர் அம்மலரையும் குறிப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். குறிப்பில் விடுபட்டது எது என்பதை உலர்ந்த மலரே அவர்களுக்குக் காட்டிவிடும்.