மருத்துவத்தில் 'கேப்பிடேஷன்' என்றால் என்ன? அந்தமான் போன்ற தீவுகளுக்கு அது பொருந்துமா?

ஸ்ரீ விஜயபுரம்: 'கேப்பிடேஷன்' என்றதும், மாணவர் சேர்க்கைக்காகக் கல்லூரிகள் வசூலிக்கும் கட்டாய நன்கொடையே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அதனைத் தடை செய்யத் தமிழ்நாடு 1992-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது. ஆனால், மருத்துவத் துறையில் இச்சொல்லின் பொருள் வேறு.

ஒரு மருத்துவரிடம் பதிவு செய்துகொண்ட ஒவ்வொரு நபருக்கும், குறிப்பிட்ட காலத்துக்கு அரசோ காப்பீட்டு அமைப்போ அம்மருத்துவருக்கு வழங்கும் நிலையான தொகையே கேப்பிடேஷன். இதனைத் தலைவீதக் கட்டணம் எனலாம். அந்த நபர் ஆண்டுக்குப் பத்து முறை சிகிச்சைக்கு வந்தாலும், ஒரு முறைகூட வராவிட்டாலும் தொகை மாறாது.

இந்தியாவில் தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யின் கீழ், சில இடங்களில் தனியார் மருத்துவர்களுக்கு இம்முறையில் ஊதியம் வழங்கப்படுகிறது. இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர்களுக்கான நிதியின் பெரும்பகுதி இவ்வாறே கணக்கிடப்படுகிறது.

2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் இதிலிருந்து மாறுபட்டது. அதில் நோயாளி அனுமதிக்கப்பட்டு, சிகிச்சை பெற்ற பின்னரே, அதற்கென நிர்ணயிக்கப்பட்ட தொகுப்புக் கட்டணம் மருத்துவமனைக்குக் கிடைக்கும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் என்பது காப்பீட்டின் உச்சவரம்பு. தலைவீதக் கட்டணம் அன்று.

தலைவீத முறையில் தேவையற்ற பரிசோதனைகளால் மருத்துவருக்கு லாபமில்லை. நோய் வராமல் தடுப்பதே அவருக்கும் நன்மை. அதேவேளையில், செலவைக் குறைக்கும் நோக்கில் தேவையான சிகிச்சையும் மறுக்கப்படலாம், தீவிர நோயாளிகள் தவிர்க்கப்படலாம் என்ற அச்சமும் உண்டு.

மக்கள்தொகை குறைந்த தீவுகளில் சிக்கல் இன்னும் கூடும். 2011 கணக்கெடுப்பின்படி, அந்தமான் நிகோபார் முழுவதிலும் வசித்தோர் சுமார் 3.8 லட்சம் பேரே. உதாரணமாக, தலைக்கு ரூ.500 என வைத்துக்கொண்டால், 10,000 பேர் வாழும் ஊருக்கு ரூ.50 லட்சம் கிடைக்கும். 1,000 பேர் வாழும் தீவுக்கு ரூ.5 லட்சமே கிடைக்கும். ஆனால், மருத்துவர், செவிலியர், மருந்துக் கிடங்கு, மின்னாக்கி ஆகியவை இரண்டு இடங்களிலும் தேவை. அவசர நோயாளியைக் கடல் கடந்து தலைநகருக்கோ சென்னைக்கோ கொண்டுசெல்லும் செலவு தனி.

இதனாலேயே இங்கிலாந்தில் வயது, பாலினம், நோய்ச்சுமை ஆகியவற்றுடன் ஊரகத் தன்மையும் கணக்கில் கொள்ளப்பட்டுத் தொகை திருத்தப்படுகிறது. அத்தகைய திருத்தமின்றி வெறும் தலைகளை மட்டும் எண்ணினால், மக்கள் குறைவாக வாழும் தீவுக்கே முதலில் மருத்துவர் இல்லாமல் போகும்.