மூலைகள் தாங்கும் பாரம்

சூளூர்பேட்டையிலிருந்து கிழக்கே, பழவேற்காடு ஏரியின் நடுவே போகும் சாலையில் போனால் ஸ்ரீஹரிகோட்டா. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் நிலை ஐந்து துண்டுகளாக வார்க்கப்பட்டு, 2.8 மீட்டர் விட்டமுள்ள அந்தத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிறுத்தப்படுவது அங்கேதான். தெற்கே, சென்னை நெடுஞ்சாலையில் தடாவைத் தொட்டு மேற்கே திரும்பினால் ஸ்ரீசிட்டி. 2008இல் தொடங்கிய தொழில் நகரம். 2015இல் பெப்சிகோவின் பான ஆலை, 2016இல் கேட்பரி சாக்லேட் செய்யும் மாண்டலீஸ் ஆலை என்று வரிசையாக அங்கே வந்தன. இங்கும் கடைசி வேலை அடுக்குவதுதான். ராக்கெட் கிளம்பும் நாளில் ஊரே மொட்டைமாடியில் நிற்கும். பெட்டி அடுக்கும் இயந்திரத்தைப் பார்க்க யாரும் வருவதில்லை. ஆனால் அதற்குள்ளும் நின்று பார்க்கவேண்டிய அறிவியல் இருக்கிறது. நாம் குடிக்கும் சோடாவும் தின்னும் பிஸ்கட்டும் உடையாமல் நசுங்காமல் கடைக்கு வருவது அந்த அறிவியலால்தான்.

பேலட் என்பது, ஃபோர்க்லிஃப்ட்டின் இரு கரங்கள் நுழைய இடம் விட்டு மரச்சட்டங்களை அடித்துச் செய்த தட்டு. 1200 மில்லிமீட்டர் நீளம், 1000 மில்லிமீட்டர் அகலம் என்பது இங்கே நன்றாகப் புழங்கும் அளவு. அதன்மேல் பெட்டிகளை அடுக்கடுக்காக ஏற்றித் தரும் இயந்திரத்துக்குப் பேலடைசர் என்று பெயர்.

இது எதற்கு வேண்டியிருக்கிறது என்பதைச் சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். ஒரு பெட்டி 15 கிலோ. கன்வேயரில் நிமிடத்துக்குப் பத்து பெட்டி வருகிறது. மிதமான வேகம்தான். மணிக்கு 9 டன். எட்டு மணிநேர ஷிஃப்ட்டில் 72 டன். இரண்டு பேர் அடுக்கினால் ஆளுக்கு 36 டன். அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் 1991இல் திருத்தி அமைத்த கணக்குப்படி, எல்லாமே சாதகமாக இருந்தாலும் ஒருவர் தூக்கத்தக்க எடை 23 கிலோ. குனிந்தால், கையை நீட்டினால், இடுப்பைத் திருப்பினால், அடிக்கடி தூக்கினால் இந்த வரம்பு மளமளவென்று இறங்கும். பேலட் அடுக்குகிறவர் இவை எல்லாவற்றையும் ஒருசேரச் செய்கிறார். முதல் அடுக்குக்குக் கணுக்கால் வரை குனிகிறார், கடைசி அடுக்குக்குத் தலைக்கு மேல் தூக்குகிறார், ஒவ்வொரு பெட்டிக்கும் கன்வேயர் பக்கமும் பேலட் பக்கமும் திரும்புகிறார். நாற்பது வயதில் முதுகு போய்விடும் வேலை இது. அதை இயந்திரத்திடம் கொடுத்தது நல்ல காரியம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

முதல் பேலடைசரை அமெரிக்காவின் லாம்சன் நிறுவனம் 1948இல் நிறுவியது. இரண்டாம் உலகப் போர் முடிந்து மூன்றே ஆண்டு. பேலட்டும் ஃபோர்க்லிஃப்ட்டும் போர்த் தளவாடங்களோடு உலகெங்கும் பரவியிருந்த நேரம். அந்தக் காலத்தில் வந்த யோசனை, வேகமான இயந்திரங்களில் இன்றும் மாறவில்லை. பெட்டியைப் பெட்டியாக அடுக்காமல், ஒரு முழு அடுக்கைத் தனியாகத் தயாரித்து மொத்தமாக வைப்பது.

அதைக் கிட்டே நின்று பார்க்கலாம். கன்வேயரில் பெட்டிகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. முன்னால் இருக்கும் பெல்ட் பின்னால் இருப்பதைவிடச் சற்று வேகமாக ஓடுவதால் அவை தாமாகவே விலகுகின்றன. ஒரு சென்சார் எண்ணிக்கொண்டே இருக்கிறது. சில பெட்டிகள் நீளவாட்டில் போக வேண்டும், சில அகலவாட்டில். திருப்புவதற்குச் செய்திருக்கும் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. பாதையின் ஒரு ஓரத்தில் சிறிய தடுப்புக்கட்டை ஒன்று நீட்டிக்கொண்டு நிற்கிறது. பெட்டியின் ஒரு மூலை அதில் இடிக்க, உருளைகள் மறுபக்கத்தை இழுத்துக்கொண்டே போக, பெட்டி தொண்ணூறு பாகை திரும்பிவிடுகிறது. அடுத்த பெட்டி திரும்ப வேண்டாம் என்றால் காற்றழுத்த சிலிண்டர் கட்டையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பிடிப்பதற்குக் கையும் இல்லை, சுழற்றுவதற்கு மோட்டாரும் இல்லை. உராய்வு ஒன்றே வேலையை முடித்துவிடுகிறது.

வரிசை சேர்ந்ததும் தள்ளுசட்டம் ஒன்று அதைப் பக்கத்து மேடைக்குத் தள்ளுகிறது. அடுத்த வரிசை, அதற்கடுத்த வரிசை என்று ஓர் அடுக்கு முழுமையாகிறது. இப்போது அந்த அடுக்கு வழவழப்பான எஃகுத் தட்டின்மேல் நிற்கிறது. தட்டுக்குக் கீழே, சிறு இடைவெளி விட்டு, ஏற்கெனவே அடுக்கிய பெட்டிகளின் தலை. நான்கு பக்கமும் பட்டைகள் வந்து அடுக்கை நெருக்கி ஓரங்களை நேராக்குகின்றன. பிறகு தட்டு பின்பக்கமாக உருவப்படுகிறது. பெட்டிகளும் அதோடு போகப் பார்க்கும். குறுக்குச் சட்டம் ஒன்று விடாது. அடியில் தட்டு நழுவ நழுவ, வரிசை வரிசையாகப் பெட்டிகள் சத்தமில்லாமல் கீழே உட்காருகின்றன. பேலட்டைத் தாங்கும் லிஃப்ட் ஒரு பெட்டி உயரம் இறங்குகிறது. இதற்குள் மேலே அடுத்த அடுக்கின் முதல் வரிசை வந்து நின்றுவிட்டது. இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் நடப்பதால்தான், வேகமான இயந்திரம் நிமிடத்துக்கு நூறு பெட்டிக்கு மேல் அடுக்குகிறது.

பெட்டியை ஏன் திருப்ப வேண்டும்? 400 மில்லிமீட்டர் நீளம், 300 மில்லிமீட்டர் அகலமுள்ள பெட்டியை எடுத்துக்கொள்வோம். பேலட்டின் பரப்பைப் பெட்டியின் பரப்பால் வகுத்தால் சரியாகப் பத்து. ஆனால் எல்லாவற்றையும் ஒரே திசையில் வைத்தால் ஒன்பதுதான் பிடிக்கும், ஓரத்தில் 100 மில்லிமீட்டர் பட்டை வீணாகும். மூன்று மூன்றாக இரண்டு வரிசை நீளவாட்டில் வைத்து, மூன்றாவது வரிசையில் நான்கு பெட்டியைத் திருப்பி வைத்தால் பத்தும் அடங்கிவிடுகிறது, ஒரு விரற்கடை இடம்கூட மிச்சமில்லை. இந்தக் கணக்கு அழகாக முடிவது, அந்த அளவுகள் அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டதால். பெட்டி 370க்கு 265 என்று இருந்தால் தலைவலி தொடங்கும். பேலட்டின் நீளம், அகலம், பெட்டியின் நீளம், அகலம் என்று நான்கே எண்கள். ஓர் அடுக்கில் அதிகபட்சம் எத்தனை பெட்டி என்று கேட்டால் கணினி பெரும்பாலும் நொடியில் சொல்லிவிடும். ஆனால் எந்த நான்கு எண்ணைக் கொடுத்தாலும் விரைந்து விடை தரும் வழி ஒன்று உண்டா என்பது கணிதத்தில் நெடுங்காலமாகத் தீராமல் கிடந்த கேள்வி.

இனிதான் முக்கியமான இடம். இரண்டாவது அடுக்கை எப்படி வைப்பது?

இணைப்புக்கு மேல் இணைப்பு வரக்கூடாது என்பது கொத்தனாருக்கு முதல் பாடம். நெல் மூட்டையை அட்டி போடுகிறவரும் ஓர் அடுக்கை நீளவாட்டில் போட்டால் அடுத்ததைக் குறுக்கே போடுவார், ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு அட்டி சரியாமல் நிற்கும். மேலே சொன்ன பத்துப் பெட்டி அடுக்கை அப்படியே 180 பாகை திருப்பி வைத்தால் இங்கும் அதே பிணைப்பு கிடைக்கிறது. நான்கு பெட்டி வரிசை கீழ் அடுக்கில் இந்த ஓரம், மேல் அடுக்கில் அந்த ஓரம். தள்ளிப் பார்த்தால் அசையாது.

ஆனால் அட்டைப்பெட்டி, செங்கல்லும் அல்ல, மூட்டையும் அல்ல. செங்கல் உள்ளேயும் கெட்டி, எந்த இடத்தில் அழுத்தினாலும் தாங்கும். அட்டைப்பெட்டியின் நான்கு சுவர்களில், நடுப்பகுதி பாரம் ஏறியதும் வெளியே புடைத்து ஒதுங்கிக்கொள்ளும். தாங்குவது மூலைகள்தான், மொத்தப் பாரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மூலைகளிலும் அவற்றை ஒட்டிய பகுதியிலும் இறங்குகிறது. மேல் பெட்டியின் மூலை கீழ்ப்பெட்டியின் மூலைக்கு நேராக இருந்தால் அது ஒரு தூண். பெட்டியைத் திருப்பிப் பிணைத்து வைத்தால், மேல் மூலை கீழ்ப்பெட்டியின் வலுவில்லாத நடுச்சுவர்மேல் போய் உட்காருகிறது. இதனால் அடுக்கின் தாங்கும் வலிமை பாதி அளவுக்குப் போய்விடும் என்பது பேக்கேஜிங் துறையில் எல்லோரும் அறிந்த கணக்கு. பெட்டி பேலட்டின் ஓரத்தைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டிருந்தாலும் இதே கதை, 20 முதல் 40 சதவீதம் நஷ்டம்.

1963இல் அமெரிக்காவின் காகித வேதியியல் நிறுவனத்தைச் சேர்ந்த மெக்கீயும் உடன் ஆய்ந்தவர்களும் இதற்கு ஒரு சூத்திரம் கண்டார்கள். பெட்டி எவ்வளவு தாங்கும் என்பது, அட்டையின் விளிம்பு வலிமையையும், பெட்டியின் சுற்றளவை அட்டையின் தடிமனால் பெருக்கி எடுத்த வர்க்கமூலத்தையும் பொறுத்தது. சுற்றளவை இரண்டு மடங்காக்கினாலும் வலிமை 41 சதவீதம்தான் கூடும். பெட்டியைப் பெரிதாக்கினால் சுவரின் நடுப்பகுதி நீள்கிறது, மூலை என்னவோ அதே நான்குதான்.

இத்தோடு காலமும் காற்றும் சேர்ந்துகொள்கின்றன. அட்டை பாரத்தின்கீழ் மெல்ல மெல்லத் தளரும். ஒரு மாதம் நின்ற பெட்டிக்கு முதல்நாள் வலிமையில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் மிச்சம். காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொட்டால் வலிமை பாதியாகும். கடலும் பழவேற்காடு ஏரியும் பக்கத்திலேயே இருக்கும் இந்தக் கரையில், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அது ஒன்றும் அபூர்வம் அல்ல. ஆய்வுக்கூடத்தில் 100 கிலோ தாங்கிய பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பிணைத்து அடுக்கியதால் 50. ஒரு மாதம் கிடங்கில் இருந்ததால் 30. மழைக்கால ஈரத்தில் 15. தேவையைவிட மூன்று, ஐந்து மடங்கு வலுவாக ஏன் பெட்டி செய்கிறார்கள் என்பது இப்போது விளங்கும். அது வீண்செலவு அல்ல.

அப்படியானால் எல்லாவற்றையும் தூணாக அடுக்கிவிடலாமே என்று தோன்றும். தூண் நசுங்காது, ஆனால் சாயும். லாரி பிரேக் போடும்போது சரக்கு முன்னால் பாயப் பார்க்கிறது. ஐரோப்பியச் சரக்குக் கட்டு விதிகள், சரக்கின் எடையில் 80 சதவீத விசை முன்பக்கமும் 50 சதவீத விசை பக்கவாட்டிலும் வரும் என்று எதிர்பார்த்துக் கட்டச் சொல்கின்றன. அட்டைக்கும் அட்டைக்கும் இடையே உள்ள உராய்வு மட்டும் அதற்குக் காணாது. ஆகவே நடுவழி ஒன்று பழக்கத்தில் வந்தது. பாரம் அதிகம் இறங்கும் கீழ் அடுக்குகளைத் தூணாக வை. பாரம் குறைந்த மேல் ஒன்றிரண்டு அடுக்குகளை மட்டும் திருப்பிப் பிணை. பேலடைசரின் கணினிக்குள் இருக்கும் அடுக்கு முறை, மேலிருந்து நசுக்கும் விசைக்கும் பக்கத்திலிருந்து தள்ளும் விசைக்கும் இடையே செய்துகொண்ட ஒப்பந்தம். தூணாக அடுக்கியதைச் சேர்த்துப் பிடிக்க அடுத்த இயந்திரம் காத்திருக்கிறது. ஸ்ட்ரெட்ச் ஃபிலிமை அதன் நீளத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேலாக இழுத்துச் சுற்றிவிடுகிறது. ஃபிலிம் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும் அந்த இழுவிசைதான் பெட்டிகளை இறுக்கிப் பிடிக்கிறது.

குளிர்பானத்தில் இன்னொரு விந்தை இருக்கிறது. சுருங்கும் பிளாஸ்டிக்கில் கட்டிய பெட் பாட்டில் கட்டுகளுக்கு அட்டைச் சுவரே கிடையாது, பாட்டிலே தூண். மெல்லிய பிளாஸ்டிக்கைத் தூணாக நிறுத்துவது உள்ளே இருக்கும் வாயு. மூடியைத் திறக்காத சோடா பாட்டிலை அழுத்திப் பாருங்கள், கல்போல இருக்கும். திறந்ததும் விரலுக்கு அமுங்கும். நாக்கில் சுள்ளென்று ஏறும் அந்தக் கரியமில வாயுதான், கடைக்கு வரும் வரை தலைமேல் இருக்கும் ஐந்தாறு அடுக்கைச் சுமந்திருக்கிறது. வாயு இல்லாத குடிநீர் பாட்டிலுக்கு இந்த வசதி இல்லை. அதனால் பல ஆலைகளில் மூடி போடும் கணத்துக்குச் சற்று முன் ஒரு துளி திரவ நைட்ரஜனை உள்ளே விடுகிறார்கள். அது கொதித்து வாயுவாகி, மூடிய பாட்டிலை உள்ளிருந்து விறைப்பாக்குகிறது.

1980களில் ரோபோக்கள் இந்த வேலைக்கு வந்தன. ஒற்றைக் கை, நுனியில் உறிஞ்சுகுப்பிகள், பெட்டியை மேலிருந்து கவ்வித் தூக்கி வைக்கும். அடுக்கு இயந்திரத்தின் வேகம் இல்லை. ஆனால் காலையில் ஒரு பெட்டி, மாலையில் வேறு அளவுப் பெட்டி என்றால் ரோபோவுக்கு நிரலை மாற்றினால் போதும்.

எல்லாம் முடிந்து பேலட் லாரிக்குப் போகும் இடத்தில்தான் என் ஆதங்கம். 20 அடிக் கன்டெய்னரின் உள் அகலம் 2.35 மீட்டர். 1.2 மீட்டர் நீளமுள்ள இரண்டு பேலட்டைக் குறுக்கே வைத்தால் 2.4, ஐந்து சென்டிமீட்டரில் வாய்ப்பு போகிறது. நான்கு பேலட்டை நடுவில் ஒரு சிறு ஓட்டை விட்டுச் சுழல்வட்டமாக வைத்து, அப்படி இரண்டு வட்டம் போட்டு, மிச்ச இடத்தில் இரண்டைச் சொருகினால் பத்து பேலட் ஏறும். சாதாரண லாரிகளில் அந்தச் சிரமத்தைக்கூடப் பலர் படுவதில்லை. இயந்திரம் பார்த்துப் பார்த்து அடுக்கியதை லாரி வாசலில் பிரித்து, பெட்டி பெட்டியாகக் கையால் உள்ளே அடுக்குகிறார்கள். பேலட் இல்லாமல் ஏற்றினால் இன்னும் சில பெட்டி பிடிக்கும். காலி பேலட்டைத் திரும்பக் கொண்டுவரும் வாடகையும் மிச்சம். ஆலைக்குள் இயந்திரத்திடம் போன அந்த 36 டன், வாசலில் லோடுமேனின் தோளுக்குத் திரும்பி வந்துவிடுகிறது.

இதற்கு வழி ஆஸ்திரேலியாவில் இரண்டாம் உலகப் போரை ஒட்டியே தொடங்கிவிட்டது. அமெரிக்கப் படை விட்டுச்சென்ற பேலட்டுகளையும் ஃபோர்க்லிஃப்ட்டுகளையும் அந்நாட்டு அரசு பலரும் பகிர்ந்து பயன்படுத்தும் பொதுத் தொகுப்பாக்கியது. செப் என்ற உலகப் பெரும் பேலட் வாடகை நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததுதான். இந்தியாவிலும் வாடகைப் பேலட் இப்போது கிடைக்கிறது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபின், வரிக்காக மாநிலத்துக்கு ஒரு சிறு கிடங்கு வைத்திருந்த நிறுவனங்கள் பலவும் பெரிய கிடங்குகளுக்கு மாறி வருகின்றன. அவற்றின் உயரமான ரேக்குகளில் பேலட் இல்லாமல் எதையும் ஏற்ற முடியாது. லாரியின் உள் அகலமும் பேலட்டின் அளவுக்கு இசைந்து, இறக்கும் கடையிலும் ஒரு ஃபோர்க்லிஃப்ட் இருந்துவிட்டால், தடாவில் கட்டிய ஃபிலிம் விஜயவாடாவில்தான் அவிழும்.